குளநெல்லையும் குருத்துப்பூச்சியையும் அருகருகே வைத்து ஆராய்வது எப்படி?

ஒரு செடியையும் ஒரு பூச்சியையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், தாளின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் வேர், தண்டு, இலை, பூ என்றும் மறுபக்கம் தலை, மார்பு, வயிறு, இறக்கை என்றும் எழுதிக்கொண்டு வருவதே வழக்கமாக இருக்கிறது. இரண்டு பட்டியல்களும் தனித்தனியே சரியாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமலே முடிந்துவிடுகின்றன. இலைக்கு ஈடாக இறக்கையை வைப்பதால் இரண்டைப் பற்றியும் புதிதாக எதுவும் தெரிந்துவிடுவதில்லை. இவ்வளவு வேறுபட்ட உயிர்களை ஒப்பிட வேண்டுமானால் உறுப்புகளை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் ஒரே ஆண்டைக் கழிக்கும் இரண்டுக்கும் என்னென்ன நெருக்கடிகள் வருகின்றன, ஒவ்வொன்றையும் எது எப்படிக் கடக்கிறது என்று கேட்க வேண்டும். அந்த முறையை ஓர் இணையை வைத்து இங்கே விளக்குகிறேன். ஒன்று, ஏரி குளங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் தானாக முளைக்கும் குளநெல். மற்றொன்று, நெல் விவசாயிகள் குருத்துப்பூச்சி என்று அழைக்கும் மஞ்சள் தண்டுத்துளைப்பான்; புழுவாகத் தண்டுக்குள் வளர்ந்து அந்துப்பூச்சியாக வெளிவருவது.

இந்த இணையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. தண்டுத்துளைப்பான்களில் சில, கரும்பு, சோளம், புல் என்று பலவற்றில் வளரக்கூடியவை. மஞ்சள் தண்டுத்துளைப்பானோ நெல் இனத்தை விட்டு வேறு செடிகளில் அநேகமாக வளர்வதே இல்லை. ஆகவே மனிதன் நெல்லைப் பயிராக்குவதற்கு முன்பு இதற்கு வீடாக இருந்தவை காட்டு நெற்களாகத்தான் இருந்திருக்க முடியும். வயலில் நாம் பார்க்கும் பூச்சியின் வாழ்க்கை, உழவு, நடவு, மருந்து, அறுவடை என்று ஒவ்வொரு கட்டத்திலும் மனிதனின் கை பட்டு மாறியது. யாரும் உழாத, யாரும் அறுக்காத குளத்தில்தான் இந்த இரண்டின் பழைய உறவைப் பார்க்க முடியும்.

அடையாளத்தை உறுதி செய்தல்

குளநெல் என்பதற்கு நீவாரம் என்ற பெயரும் உண்டு. தாவரவியலில் இது இரண்டு பெயர்களில் வழங்குகிறது. ஆண்டு முழுதும் ஈரம் இருக்கும் இடத்தில் பல்லாண்டு வாழும் செடி ஒரைசா ரூஃபிபோகன். ஆழமில்லாத, கோடையில் வற்றிவிடும் குட்டைகளில் ஓராண்டுச் செடியாக வளர்வது ஒரைசா நிவாரா. பின்னதற்கு 1965இல் பெயரிட்டவர்கள் நீவாரம் என்ற பழைய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே இனத்தின் இரு வடிவங்களாகக் கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள் என்பதால், உங்கள் குளத்தில் இருப்பது எது என்பதைப் பெயரால் முடிவு செய்யாமல் அளந்து எழுதிக்கொள்வது நல்லது. பூத்திருக்கும்போது மகரந்தப்பையின் நீளத்தை அளந்தால், பல்லாண்டுச் செடியில் அது பெரும்பாலும் 4 மில்லிமீட்டரைத் தாண்டும். ஓராண்டுச் செடியில் 2 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கோடையில் அடித்தூரைத் தோண்டிப் பார்த்தாலும் தெரியும்: பல்லாண்டுச் செடியின் தண்டு சேற்றில் படுத்து, கணுக்களில் வேர்விட்டு, உயிரோடு இருக்கும்.

கதிர் வராத காலத்தில் குளநெல்லையும் குதிரைவாலிக் களையையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. இலையின் தாள், தண்டை மூடிய உறையோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல் இனமானால் அங்கே வெண்மையான, கூர்மையான நாக்கு போன்ற சவ்வு நிற்கும். குளநெல்லில் அது நன்றாக நீண்டிருக்கும். குதிரைவாலியில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். கதிர் வந்தபின் ஐயத்துக்கே இடமில்லை. ஒவ்வொரு மணியின் நுனியிலும் பல சென்டிமீட்டர் நீளத்துக்குச் செந்நிறக் கூர் நீண்டிருக்கும். ரூஃபிபோகன் என்ற சொல்லுக்கே செந்தாடி என்றுதான் பொருள். அந்தக் கூரை அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் நீவினால் வழுவழுப்பாகச் செல்லும், நுனியிலிருந்து திரும்பி வந்தால் சொரசொரப்பாகத் தடுக்கும். இதை மறக்காமல் செய்து பாருங்கள்; பின்னால் பயன்படும்.

அந்துப்பூச்சியில் பெண்ணை அறிவது எளிது. வைக்கோல் மஞ்சள் நிற முன்னிறக்கை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஒரு கரும்புள்ளி தெளிவாக இருக்கும். வயிற்றின் நுனியில் மங்கிய மஞ்சள் நிற மயிர்க்கற்றை இருக்கும். ஆண் சற்றுச் சிறியது, பழுப்பு நிறமானது, அதன் இறக்கையில் மங்கலான பல புள்ளிகள் காணப்படும். இதன் அறிவியல் பெயர் ஸ்கிர்ப்போஃபாகா இன்செர்டுலாஸ். முதற்பகுதிக்குக் கோரை தின்னி என்று பொருள். பெயரை நம்பிக் கோரையில் தேட வேண்டாம். அது இந்தப் பேரினத்துக்கு இட்ட பொதுப்பெயர்.

முட்டைகள் இலையின் நுனிப் பகுதியில் குவியலாக இருக்கும். தாய்ப்பூச்சி தன் வயிற்று மயிராலேயே அவற்றை மூடிவிடுவதால், தூரத்தில் இருந்து பார்க்கும்போது இலையில் சிறு பழுப்புப் பஞ்சு ஒட்டியது போலத் தோன்றும். தண்டுக்குள் இருக்கும் புழு வெளிர் மஞ்சளாகவோ பாலேட்டு நிறமாகவோ, கோடுகள் இல்லாமல் இருக்க வேண்டும். உடல் இளஞ்சிவப்பாக இருந்தாலோ முதுகில் நீளக் கோடுகள் இருந்தாலோ அது வேறு துளைப்பான். அதை வேறு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இடமும் நாட்களும்

வடகிழக்குப் பருவமழைக்குக் குளம் நிரம்பும் ஐப்பசியில் தொடங்கி, கோடையில் வற்றி, மறுமழையில் மீண்டும் ஈரமாகும் வரை ஒரு முழுச் சுற்று பார்த்தால்தான் இந்த ஒப்பீடு நிறைவாகும். இரண்டு மாதத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. பத்து நாட்களுக்கு ஒருமுறை போனால் போதும். குளநெல் அடர்ந்த கரையோரத்தில் இருபது தூர்களைத் தேர்ந்து, அவற்றின் அடியில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டி எண் கொடுங்கள். இவற்றை ஒருபோதும் பிடுங்கவோ பிளக்கவோ கூடாது. பிளந்து பார்ப்பதற்கு நூல் கட்டாத தூர்களிலிருந்து ஒவ்வொரு முறையும் பத்துத் தண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளிலேயே எழுத வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. குளத்தின் நீர்மட்டத்தை அறிய ஒரு கம்பில் சென்டிமீட்டர் கோடுகள் இட்டு ஊன்றி, ஒவ்வொரு முறையும் அளவை எழுதுங்கள். அடுத்து, மிக அருகிலுள்ள நெல்வயல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே குறுவையா, சம்பாவா, தாளடியா என்பதையும் குறியுங்கள். பக்கத்தில் ஆண்டு முழுதும் பயிர் இருந்தால் பூச்சிக்கும் ஆண்டு முழுதும் வேலை இருக்கும். வறட்சியில் அது தூங்கிக் கிடப்பதை நீங்கள் காணாமலே போகலாம். விளக்குப்பொறியைப் பற்றியும் இதே எச்சரிக்கைதான். இருட்டிய பிறகு வெள்ளைத் துணிக்கு முன் விளக்கு வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து அமரும். பெண், ஆண் வேறுபாட்டைப் பழகிக்கொள்ள அது நல்ல வழி. ஆனால் அவை குளத்தில் வளர்ந்தவையா, வயலிலிருந்து வந்தவையா என்பதை விளக்கு சொல்லாது. கணக்குக்கு முட்டைக் குவியலும் பிளந்த தண்டுமே சான்று.

பதிவேட்டில் என்ன தலைப்புகள் இட வேண்டும்?

ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு உயிர்களுக்கும் பொதுவான ஒரு பணியைத் தலைப்பாக எழுதி, அதன்கீழ் இடப்பக்கம் செடியையும் வலப்பக்கம் பூச்சியையும் குறிக்க வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர்நாடி. நான் பயன்படுத்தும் தலைப்புகள் இவை: நீர் ஏறும்போது, இணையும் நேரம், பரவும் வழி, இழப்பைத் தாங்குதல், நீர் வற்றும்போது.

நீர் ஏறும்போது செடி என்ன செய்கிறது என்பதை நீர்மட்டக் கம்பே காட்டிவிடும். காட்டு நெல்லுக்கும் அதன் வழிவந்த ஆழநீர் நெல்லுக்கும் நீரோடு சேர்ந்து தண்டை நீட்டும் ஆற்றல் உண்டு. ஆழநீர் நெல் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீளும். இதற்குக் காரணமான மரபணுக்களை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்து, ஸ்நார்க்கல் என்று பெயரிட்டார்கள். வலப்பக்கத்தில், நீருக்கு மேலே எத்தனை இலைகளில் முட்டைக் குவியல் இருக்கிறது, நீருக்குக் கீழான தண்டுப் பகுதியில் புழு இருக்கிறதா என்பதை எழுதுங்கள். வங்காளதேசத்தின் ஆழநீர் நெல்லுக்கு இதே பூச்சிதான் முதன்மை எதிரி என்பதை நினைவில் வைத்தால், நீர் ஏறுவது புழுவுக்குச் சாவு என்று அவசரப்பட்டு எழுத மாட்டீர்கள்.

இணையும் நேரம் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நெற்பூ முற்பகலில் ஓரிரு மணி நேரமே திறந்திருக்கும், மகரந்தம் சில நிமிடங்களில் வீரியம் இழந்துவிடும். அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை. சில நாட்களே வாழ்ந்து, இரவில் இணைந்து, அடுத்தடுத்த இரவுகளில் முட்டையிட்டு மடிகிறது.

பரவும் வழி என்ற பக்கம் உங்கள் ஏட்டிலேயே செறிவான பக்கமாக இருக்கும். குளநெல்லின் மணிகள் ஒன்றாக முதிர்வதில்லை. நுனியில் தொடங்கி ஒவ்வொன்றாக முதிர்ந்து, முதிர்ந்த கணமே காம்பிலிருந்து கழன்று விழுகின்றன. கதிரைக் கையில் பிடித்துத் தட்டாமலே உள்ளங்கையில் மணிகள் சேரும். மணி உதிராத நெல்லைத் தேர்ந்தெடுத்ததுதான் மனிதன் நெல்லைப் பயிராக்கிய கதையின் மையம். அந்த மாற்றத்தில் பெரும்பங்கு வகித்த ஒரு மரபணு உருவாக்கும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதே போதுமானதாக இருந்தது என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. விழுந்த மணியின் செந்நிறக் கூரை நீங்கள் விரலால் நீவினீர்களே, அந்த ஒருபக்கச் சொரசொரப்பால்தான் மணி சேற்றில் முன்னோக்கி மட்டுமே நகர்கிறது, விலங்குகளின் மயிரிலும் சிக்கிக்கொள்கிறது.

பூச்சியிடம் இதற்கு ஈடானது, முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த புழு. ஒரு குவியலில் 50 முதல் 80 வரை முட்டைகள் இருப்பது வழக்கம். ஐந்து முதல் எட்டு நாட்களில் அவை பொரிந்ததும் புழுக்கள் இலை நுனிக்கு ஏறி, வாயிலிருந்து இழை விட்டுத் தொங்கி, காற்றில் ஆடி அடுத்த தூருக்குப் போகின்றன. சில தண்ணீரில் விழுந்து மிதந்தும் செல்லும். இதைவிட வியப்பான காட்சி ஒன்று உண்டு. சற்று வளர்ந்த புழு, இலையின் ஒரு துண்டைச் சுருட்டிக் குழாயாக்கி, தன்னை அதற்குள் வைத்து அறுத்து விழச்செய்து, நீரின்மேல் மிதந்துபோய் வேறு தண்டில் ஒட்டிக்கொள்ளும். காலை வெயிலில் நீர்ப்பரப்பை ஒட்டிக் கண்ணை வைத்துப் பாருங்கள். விரற்கடை நீளமும் இல்லாத ஒரு பச்சைக் குழாய் காற்றுக்கு எதிராக நகர்வது போலத் தெரிந்தால், அதை மெல்ல எடுத்து ஒரு முனையைப் பாருங்கள். செடி தன் விதைக்குக் கூர் ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறது; புழு அந்தச் செடியின் இலையையே ஓடமாக்கிக்கொள்கிறது. இந்த வாக்கியத்தை உங்கள் கண்ணால் கண்ட பிறகே ஏட்டில் எழுதுங்கள்.

இழப்பைத் தாங்குதல் என்ற தலைப்பில், தூரின் தண்டுகளை ஒரு பக்கமும் முட்டைகளை மறுபக்கமும் எண்ணுங்கள். இளம்பருவத்தில் ஒரு தண்டின் குருத்து போனால் தூர் வேறு தண்டை எழுப்பிவிடுகிறது. பூச்சியும் எண்ணிக்கையால் தாங்குகிறது. ஆனால் ஒரு தண்டுக்குள் பெரும்பாலும் ஒரு புழுவே முதிர்வதால் பொரிந்தவற்றில் பெரும்பகுதி இடமின்றியும் இரையாகியும் அழிகிறது. இரண்டையும் ஒன்று என்று எழுதிவிடக் கூடாது. தூரின் தண்டுகள் அத்தனையும் ஒரே உயிரின் பகுதிகள். குவியலின் முட்டைகள் தனித்தனி உயிர்கள். முட்டைக் குவியல் இருக்கும் இலைத்துண்டைச் சில குவியல்களுக்கு மட்டும் நறுக்கி, கண்ணாடிக் குழாயில் இட்டுப் பஞ்சால் அடைத்து வைத்தால், வெளிவருபவை புழுக்களா, முட்டையைத் தின்று வளர்ந்த நுண்குளவிகளா என்பதும் தெரிந்துவிடும். குளவிகள் வந்தால் அதை இழப்புக் கணக்கில் சேருங்கள்.

தண்டைப் பிளந்து பார்த்தல்

புழு உள்ளே இருப்பதற்கு வெளியே தெரியும் அடையாளங்கள் இரண்டு. இளம்பருவத்தில் நடுக்குருத்து சுருண்டு, பழுத்து, காய்ந்து நிற்கும். மெல்ல இழுத்தாலே கையோடு வந்துவிடும், அடிமுனை கடிபட்டுக் குதறியிருக்கும். கதிர்ப் பருவத்தில் கதிர் முழுவதும் பதராகி வெளுத்து விறைப்பாக நிற்கும். அதை வெண்கதிர் என்பார்கள்.

முதல் ஆண்டில் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். குளநெல்லில் மணி தானாக உதிர்வதால், விளைந்து ஓய்ந்த கதிரும் வெளிறி, வெறுமையாக நிற்கும். தூரத்தில் இருந்து எண்ணிய நான் அவற்றையும் வெண்கதிர் என்று எழுதிவிட்டேன். தை மாதக் கணக்கு முழுவதையும் பின்பு அடித்துவிட நேர்ந்தது. ஒவ்வொரு கதிரையும் கையில் பிடித்து இழுத்துப் பார்ப்பதே சரியான வழி. வெண்கதிர் உறையிலிருந்து எளிதாக உருவி வரும். உதிர்ந்த கதிர் அசையாது. வயலில் வேலை செய்து பழகியவர்களுக்கும் இந்தக் குழப்பம் வரும், ஏனென்றால் பயிர்நெல்லில் இப்படி உதிர்ந்து நிற்கும் கதிரை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிளக்கும்போது தண்டை மண்மட்டத்திலேயே அறுத்து, சவரத் தகட்டால் கீழிருந்து மேலாக ஒரே கோட்டில் கீறி, புத்தகம் போல விரியுங்கள். கணுவுக்கு மேலே ஈரமான மரத்தூள் போன்ற எச்சம் முதலில் தெரியும். அதைத் தொடர்ந்து போனால் புழு இருக்கும். முதிர்ந்த புழு 20 மில்லிமீட்டரை ஒட்டிய நீளம் கொண்டது. கூட்டுப்புழுப் பருவத்தை எட்டிய தண்டில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. அந்துப்பூச்சிக்குக் கடித்து வெளியேறும் வாய் கிடையாது. ஆகவே புழுவாக இருக்கும்போதே அது தண்டின் சுவரில் வட்டத் துளையை அறுத்து, மெல்லிய இழைத்திரையால் அடைத்துவிட்டு, அதன் பிறகே வெண்ணிறக் கூட்டுக்குள் அடங்குகிறது. தண்டை ஒளிக்கு எதிரே பிடித்தால் அந்தத் திரை கண்ணாடித்தாள் போல ஒளிரும். துளையின் உயரத்தை நீர்மட்டக் கம்பின் அளவோடு சேர்த்து எழுதுங்கள்.

நீர் வற்றும்போது

ஒப்பீட்டின் கனம் முழுவதும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் குளத்துச் சேறு வெடித்துப் பாளம் பாளமாகும்போது, உதிர்ந்த மணிகள் வெடிப்புகளில் உறங்குகின்றன. ஈரம் பட்டாலும் உடனே முளைக்காதபடி அவற்றுக்கு உறக்கநிலை உண்டு. காய்ந்த தூரின் அடிக்கட்டையில், மண்மட்டத்தை ஒட்டி, முதிர்ந்த புழுவும் இழைப் பூச்சுக்குள் அசைவற்றுக் கிடக்கக்கூடும். வயலிலும் அறுவடைக்குப்பின் அது அரிதாளில் இப்படித்தான் தங்குகிறது; அரிதாளை உழுது மடக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே. நெருக்கடி ஒன்று, விடையும் ஒன்று: நீர் திரும்பும் வரை உடலின் வேலைகளை அடக்கிவைத்தல். காத்திருக்கும் கட்டம்தான் வேறு. செடி தன் வாழ்வின் முதற்கட்டமான விதையாகக் காத்திருக்கிறது. பூச்சியோ உண்டு முடித்த முதிர்புழுவாக, பாதிக்கு மேல் கடந்த நிலையில் காத்திருக்கிறது.

இந்த வேறுபாட்டை நாள்கணக்காக மாற்றிப் பாருங்கள். மழை வந்தபின் கூட்டுப்புழுவுக்கு ஆறு முதல் பத்து நாட்கள், முட்டைக்கு ஐந்து முதல் எட்டு நாட்கள் என்று வைத்தால், விழித்த புழுவின் அடுத்த தலைமுறைக்கு ஏறத்தாழ மூன்று வாரத்துக்குள் பச்சைத் தண்டு தேவைப்படும். அந்த மூன்று வாரத்தில் உங்கள் குளத்தில் விதையிலிருந்து வந்த நாற்று எந்த அளவில் இருந்தது, பழைய தூரிலிருந்து வந்த துளிர் எந்த அளவில் இருந்தது என்பதை எழுதினால், பூச்சிக்கு ஓராண்டுச் செடி உதவியதா, பல்லாண்டுச் செடி உதவியதா என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்கும்.

எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல், பத்து விழுக்காடு குருத்துக் காய்தல், இரண்டு விழுக்காடு வெண்கதிர் என்பவை வயலில் மருந்தடிக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வகுத்த அளவுகள். குளத்துக்கு அவற்றைப் பொருத்தி, பாதிப்பு கடுமை என்றோ குறைவு என்றோ தீர்ப்பு எழுதக் கூடாது. குளநெல் யாருடைய பயிரும் அல்ல. அதில் வளரும் பூச்சியும் அங்கே பூச்சி மட்டுமே, பகை அல்ல.

குளநெல்லைக் களை என்று ஒதுக்குபவர்களிடம் நான் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்வேன். பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குட்டைப்புல் நச்சுயிரி நோய்க்கு எதிர்ப்பைத் தேடி 6,000க்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தபோது, உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு நிவாராவில்தான் அது கிடைத்தது. 1976இல் வெளியான ஐ.ஆர்.36 அந்தப் பண்பைத் தாங்கியது. சீனாவின் ஹைனான் தீவில் 1970இல் கிடைத்த ஒரு காட்டு நெல் செடியின் ஆண்மலட்டுத் தன்மையிலிருந்துதான் (மகரந்தம் வீரியமற்றுப்போகும் தன்மை) சீன நெல் ஆய்வாளர் யுவான் லாங்பிங் குழுவினரின் வீரிய ஒட்டு நெல் பிறந்தது. தூர்வாரும் இயந்திரம் ஒரே நாளில் வழித்தெடுத்துவிடக்கூடிய செடி இது என்பதால், உங்கள் குளத்தில் வேலை தொடங்கப்போகிறது என்று தெரிந்தால் ஊராட்சியில் முன்கூட்டியே பேசி ஒரு மூலையையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் விதையை வீட்டுக்கோ வயலோரத்துக்கோ கொண்டுபோக வேண்டாம். குளநெல் பயிர்நெல்லோடு கலந்து, உதிரும் மணியுடைய களைநெல்லாக வயலில் நிலைத்துவிட்டால் அதை ஒழிப்பது விவசாயிக்குப் பெரும்பாடு. பிளந்த தண்டுகளையும் எடுத்த குளக்கரையிலேயே போட்டுவிடுங்கள்; உயிருள்ள புழு இருக்கும் தண்டை வயல் வழியே கொண்டுசெல்லக் கூடாது. ஆடையிலும் கால்சட்டை மடிப்பிலும் செந்நிறக் கூர்கள் குத்திக்கொண்டிருக்கும். கரையை விட்டு வெளியேறுமுன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, குளத்துக்குள்ளேயே போட்டுவிட்டு, எத்தனை இருந்தன என்பதையும் பரவும் வழிப் பக்கத்தின் இடப்புறத்தில் எழுதிவையுங்கள்.